இலுப்பைப்பூ ஒயினும் மாமனார் காளையும்

மாமனார் வீட்டில் தங்கியிருக்கும் மருமகன் சும்மா இருந்தால் யாரும் பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் ரெண்டு வார்த்தை பேசுவார்கள், அவ்வளவுதான். அவன் எழுந்து ஏதாவது உருப்படியான காரியம் செய்யக் கிளம்பும்போதுதான் ஆபத்து ஆரம்பிக்கிறது. சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். அந்த அனுபவத்தில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளையும், ஒரு மாட்டு டாக்டரும், ஒரு சப்-இன்ஸ்பெக்டரும், மைக் பிடித்த ஒரு மனிதரும் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊர் கறம்பக்குடிப் பக்கம். கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனி, இனி எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டது. அதே சமயத்தில் என் மனைவி ஸ்டெல்லாவுக்கு அவளுடைய சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே டீச்சர் வேலை கிடைத்தது. கொடும்பாளூரிலிருந்து உள்ளே பிரிந்து போகிற சாலையில் இருக்கிறது அந்த ஊர். சென்னை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, நானும் என் லேப்டாப்பும் மாமனார் வீட்டில் போய் இறங்கினோம். (வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, கேட்பவர்களிடம் எல்லாம் 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். "யாரு ஹோம்லடா?" என்று ஒரே ஒருவர்தான் திருப்பிக் கேட்டார். அவர் என் அப்பா.)

மாமாவின் பெயர் அருளானந்து. நல்ல உயரம், வெள்ளை வேட்டி, அதைவிட வெள்ளையாக மீசை. வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. பங்குக் கோயிலில் மதுவிலக்குச் சபைக்கு அவர்தான் தலைவர். உறுப்பினரும் அநேகமாக அவர் ஒருவர்தான். ஊரில் தள்ளாடிக்கொண்டு வருகிற ஆட்களுக்குக்கூட, எதிரே மாமா வருவது தெரிந்தால் நடை நேராகிவிடும்.

மாமாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது ஸ்டெல்லா. இளையது ராசு. ராசு என்பது அந்த வீட்டு ஜல்லிக்கட்டுக் காளை. சாம்பல் நிறம், ஆளைக் குத்திப் பார்க்கிற மாதிரி முன்னுக்கு வளைந்த கொம்பு, மாமா நீவி நீவிப் பளபளப்பாக்கிய திமில். வாடிவாசலில் அதன் திமிலைப் பிடித்து இன்னும் ஒருவரும் அணைந்ததில்லை. வீட்டில் பேரீச்சம்பழம் வாங்கினால் முதலில் ராசுவுக்குப் போகும். மிச்சம் இருந்தால், "மாப்ளைக்கும் ரெண்டு வையி" என்று மாமா சொல்வார்.

நான் பெருமையாக நினைத்துக்கொள்ள அந்த வீட்டில் எனக்கு ஒன்றுமே வாய்க்கவில்லை. கடலைக் காட்டுக்கு உடன் போனால், "நீங்க ஒக்காருங்க மாப்ள" என்பார் மாமா. மோட்டார் போடப் போனாலும், "நீங்க ஒக்காருங்க மாப்ள." ஒருநாள் ராசுவுக்குத் தண்ணீர் காட்ட வாளியோடு போனேன். ராசு ஒரு மூச்சு விட்டது. அந்த மூச்சுக்கே நான் வாளியைப் போட்டுவிட்டு வைக்கோல் படப்பின் மேல் ஏறி நின்றிருந்தேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. மாமா வந்து நிமிர்ந்து பார்த்தார். "அங்கிட்டே ஒக்காருங்க மாப்ள, நான் மாட்டை அவுத்துக்கிட்டுப் போயிர்றேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் வலித்தது.

இந்த மனநிலையில் இருந்தவன் கண்ணில்தான் இலுப்பைப்பூ பட்டது.

கண்மாய்க் கரையில் வரிசையாக இலுப்பை மரங்கள். தவக்காலம் தொடங்கிக் கொஞ்ச நாளில் ஒரு காலை நடக்கப் போனேன். தரை முழுக்க வெளிர் மஞ்சளில் குண்டுகுண்டாகப் பூக்கள் கொட்டிக் கிடந்தன. காற்றே இனித்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். சர்க்கரைப் பாகு. 'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததோடு சரி, அதை வாயில் போட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கு முந்தின வாரம்தான் (மீட்டிங் நடந்துகொண்டிருந்த நேரத்தில்) ஒரு வீடியோ பார்த்திருந்தேன். வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு, வேலியோரத்துப் பூவைக் கூடையில் பறித்து, அதில் ஒயின் செய்து, கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். வீட்டார் எல்லோரும் குடித்துவிட்டு அந்த அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். கரையில் நின்றபடியே எனக்கு முழுப் படமும் ஓடிவிட்டது. ஈஸ்டர் என்கிற பாஸ்கா ஞாயிறு மதியம், பிரியாணி, கோப்பையில் பொன்னிறமாக ஒயின், மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, "மாப்ள, இனிமே நீங்க நில்லுங்க, நான் ஒக்கார்றேன்" என்கிறார்.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எங்கப்பா யாருன்னு தெரியும்ல?"

"ஒயின் வேற, சாராயம் வேற ஸ்டெல்லா. பூசையில சாமியாரே ஒயின்தான வச்சிருக்காரு?"

"அவரு பூசை வைக்கிறாரு. நீங்க என்ன வைக்கப் போறீங்க?"

"ஒங்கம்மா பொறந்த வீட்டுல கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடுவாங்கன்னு நீதான சொன்ன?"

"அது அம்மா வீடு. இது அப்பா வீடு." பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். அவளுக்கும் உள்ளூர ஆசை வந்துவிட்டது என்று முகம் சொன்னது. "சரி, செய்ங்க. ஆனா பாஸ்கா விருந்து வரைக்கும் நாக்குல ஒரு சொட்டு வைக்கக் கூடாது. தவக்காலம். எனக்கு வாக்குக் குடுங்க."

கொடுத்தேன். பின்னால் இதற்காக நான் வருத்தப்பட்ட அளவுக்கு வேறு எந்த வாக்குறுதிக்காகவும் வருத்தப்பட்டதில்லை.

விடியற்காலையில் ஒரு துணிப்பையோடு போய், குனிந்து குனிந்து பூப் பொறுக்க ஆரம்பித்தேன். வெயில் ஏறினால் பூ வதங்கிவிடும். அதற்கு முன்னால் வௌவாலும் ஆடும் முந்திக்கொள்ளும். பல் விளக்கிக்கொண்டு வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "என்ன மாப்ள, தேடுறீங்க? செயினு கியினு விழுந்துருச்சா?" என்று ஒருவர் கூடவே குனிந்து தேடவும் ஆரம்பித்துவிட்டார். "மருந்துக்குங்க" என்றேன். "என்ன சீக்கு?" என்றார். இந்தக் கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை. "மூட்டு வலி" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஊரில் நான் நடந்து போனாலே, "இந்த வயசுலயே பாவம்" என்ற பார்வை கிடைத்தது.

பொறுக்கின பூவில் நடுவே இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அலச வேண்டும். அதை ஆபீஸ் மீட்டிங்குகளில் கேமராவை அணைத்துவிட்டுச் செய்தேன். ஒருநாள் மேனேஜர் திடீரென்று, "உங்க வேலை எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டுவிட்டார். "நல்லா பொங்கி வருது சார்" என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடித்துப்போய், அடுத்த வாரம் தானும் யாரிடமோ அப்படியே சொன்னார்.

இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. பூ, சர்க்கரை, காய்ச்சி ஆறின தண்ணீர், எலுமிச்சை, பேக்கரியில் கெஞ்சி வாங்கின ஈஸ்ட். காற்று வெளியே போகவும் உள்ளே வராமல் இருக்கவும் வீடியோவில் அந்த அம்மாள் கண்ணாடிக் குழாய் ஒன்றை மாட்டியிருந்தார். நான் பிறந்தநாள் பலூனில் ஊசியால் துளை போட்டுக் கேன் வாயில் மாட்டினேன். ஒளித்துவைக்க இடம் தேடினபோது என் மூளை உச்சத்தில் வேலை செய்தது. ராசுவின் கொட்டகையை ஒட்டித் தவிடு, புண்ணாக்கு போட்டுவைக்கும் அறை ஒன்று உண்டு. பக்கத்திலேயே கழனித்தண்ணித் தொட்டி. அங்கே ஏற்கெனவே எல்லாமே புளித்த வாடைதான். புதிதாக ஒன்று புளித்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

வாடை தெரியவில்லை. பலூன் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் மாமா தவிடு எடுக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சாக்கு போர்த்தின இரண்டு உருவங்களின் தலையில் ஒரு சிவப்பு, ஒரு பச்சைப் பலூன் விறைத்து நின்றன.

"என்ன மாப்ள இது?"

"மழை வருமான்னு பாக்குற மிஷின் மாமா. ஆபீஸ்ல குடுத்திருக்காங்க. தொடக் கூடாது."

(இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது.)

படித்த மாப்பிள்ளை சொல்வதை மாமா நம்பினார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தினமும் காலையில் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு என்ன சொல்லுது மாப்ள?" என்று கேட்க ஆரம்பித்தார். "வெயில்தான் மாமா" என்பேன். பங்குனி மாதத்துப் புதுக்கோட்டைச் சீமையில் அது ஒருநாளும் பொய்க்கவில்லை. மாமாவுக்கு என் மேல் முதன்முதலாக ஒரு மதிப்பு வந்தது. கடலை போட்டிருந்த பக்கத்துக் காட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்து வாசலில் நின்று, "மிஷின்ல மழை உண்டாங்க?" என்று பணிவாகக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

பாஸ்காவுக்கு முந்தின நாள் சனிக்கிழமை மதியம் ஒயினை வடிகட்டினேன். ஒரு கேன் அருமை. தேன் நிறம், திறந்ததுமே தலைக்கேறும் வாசம். அதைக் கழுவின ஜூஸ் பாட்டில்களில் ஊற்றி எங்கள் அறை அலமாரியில் என் சட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். இன்னொரு கேன் கலங்கலாக, கொஞ்சம் காடி வாடையோடு இருந்தது. வெளிநாட்டு அம்மாள் இப்படிப்பட்டதைக் கொட்டிவிடச் சொல்லியிருந்தார். அதையும், இரண்டு கேனிலும் ஊறிப் பருத்துக் கிடந்த பூச்சக்கை முழுவதையும் ஒரு பெயிண்ட் வாளியில் போட்டேன். குழி தோண்டிப் புதைக்க மண்வெட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது மாமா கூப்பிட்டார்.

"மாப்ள, நாளைக்கு மாதா கோயில் ஜல்லிக்கட்டுக்கு வண்டி பேசணும். வாங்க, போயிட்டு வருவோம்."

அவர் என்னை ஒரு காரியத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மண்வெட்டியாவது வாளியாவது. ஓடிப்போய் அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி பரிமாறும்போது அத்தை (என் மாமியார்) என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். கேட்காமலே இன்னும் இரண்டு இட்லி வைத்து, சட்னியைத் தாராளமாக ஊற்றினார். "ஒங்களுக்கு ராசு மேல இம்புட்டு அக்கறை இருக்கும்னு நான் நெனக்கவே இல்ல மாப்ள" என்றார். எதற்காகப் பாராட்டுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. பாராட்டு வரும்போது காரணம் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. "அதுவும் நம்ம வீட்டுப் பிள்ளைதான அத்தை" என்று சொல்லிவிட்டு இட்லியை முடித்தேன்.

ராசுவை வண்டியில் ஏற்றப் போனோம். வழக்கமாக அதற்கு மாமாவும் அவருடைய பங்காளிகள் நாலு பேரும் மூக்கணாங்கயிறைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் போராடுவார்கள். அன்று ராசு தானாக நடந்து வந்தது. நான் ஒதுங்கி நின்றேன். அது என்னிடம் வந்து, என் தோளில் தாடையை வைத்து, பெருமூச்சு விட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ராசு என்னை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன்.

"சாந்தமா இருக்கானே" என்றார் மாமா, கொஞ்சம் சந்தேகமாக.

"பாயுறதுக்கு முன்னாடி புலிகூடப் பதுங்கும் மாமா" என்றேன்.

ஜல்லிக்கட்டு நடக்கும் ஊரில் காளைகள் வரிசையில் நின்றன. எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் நின்ற மாடுகள் மண்ணைக் கிளறுவதும் சீறுவதுமாக, கயிறு பிடித்தவர்களை இழுத்துக்கொண்டிருந்தன. ராசு மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்த பெரியப்பா மாதிரி எல்லோரையும் கனிவாகப் பார்த்துக்கொண்டு நின்றது. முன்னால் நின்ற காளையின் முதுகில் ஒருமுறை தலை சாய்த்தது. அந்தக் காளையே திகைத்துத் திரும்பிப் பார்த்தது. பிறகு ராசு முன்னங்கால் இரண்டையும் மடக்கி, பின்னங்காலையும் மடக்கி, வரிசையின் நடுவே சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது.

"எந்திரிடா தம்பி" என்றார் மாமா. ராசு கண்ணை மூடிக்கொண்டது.

பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். மாடுகளைச் சோதித்துக்கொண்டிருந்த டாக்டர் எங்களிடம் வந்தார். இளவயதுப் பெண். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பைத் தொங்கவிட்டிருந்தார். ராசுவின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். வாயருகே குனிந்தார். நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார்.

"ஐயா, மாடு குடிச்சிருக்கு."

"தண்ணி காட்டிட்டுத்தான் வந்தோம் டாக்டரம்மா."

"அந்தத் தண்ணி இல்லைங்க. மது. மாட்டுக்கு மது குடுத்திருந்தா விட மாட்டோம்னு தெரியும்ல?"

மாமாவின் முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாம் அவரைத் தெரிந்தவர்கள். அவரிடம் எப்போதோ திட்டு வாங்கினவர்களும் அதில் நிறைய.

"டாக்டரம்மா," என்றார் மாமா மெதுவாக, "என் வீட்டு வாசப்படியை அந்தச் சனியன் மிதிச்சதில்ல."

"நீங்களே மோந்து பாருங்க."

மாமா குனிந்து ராசுவின் வாயை மோந்தார். நிமிரவில்லை. ராசு அவர் மீசையை நாக்கால் ஒருமுறை வழித்துவிட்டது.

இதற்குள் சேதி மேடைக்குப் போய்விட்டது. மைக் பிடித்திருந்தவர் ஆட்டத்தை விட்டுவிட்டு எங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "மாடுபிடி வீரர்கள் கவனிக்க. அருளானந்து ஐயா வீட்டு மாடு, இதுவரைக்கும் யாருக்கும் பிடிபடாத மாடு, இன்னைக்குத் தானாவே ஒக்காந்துருச்சு. பிடிக்கிறவங்க யாரு வேணும்னாலும் பக்கத்துல போயி ஒக்காந்துக்கலாம்."

கூட்டம் சிரித்தது. பந்தோபஸ்துக்கு நின்ற சப்-இன்ஸ்பெக்டர் நோட்டோடு வந்தார். "மாட்டுக்கு ஊத்திக் குடுத்தது யாரு?" என்று கேட்டார். மாமா பங்காளிகளைப் பார்த்தார். பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அந்த நிமிஷம்வரை ஒன்றும் உறைக்கவில்லை; நானும் கோபமாக எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தேன். ("யாருடா அந்தப் படுபாவி" என்று வாய்விட்டே சொன்னதாகப் பங்காளிகள் இன்றும் சத்தியம் செய்கிறார்கள்.)

அப்போது ஸ்டெல்லாவிடமிருந்து போன். கூட்டச் சத்தத்தில் காது கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டேன். நான் வாழ்க்கையில் அமுக்கின பட்டன்களிலேயே அதுதான் மிக மோசமானது.

"ஏங்க, அந்தப் பூச்சக்கை வாளியைப் புதைச்சீங்களா இல்லையா? நீங்க ராசுவுக்காக இலுப்பைப்பூ ஊற வச்சிருக்கீங்கன்னு அம்மா நெனச்சு, நேத்து சாயங்காலம் பாதியும் இன்னைக்குக் காலையில மீதியும் பருத்திக்கொட்டையோட கலந்து வச்சிட்டாங்களாம். ராசு வாளியவே நக்கிருச்சாம். அதுல நீங்க கொட்டுன ஒயினும் இருந்துச்சா? ஏங்க? கேக்குதா?"

கேட்டது. எனக்கு, மாமாவுக்கு, டாக்டருக்கு, சப்-இன்ஸ்பெக்டருக்கு, வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

சப்-இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "வீட்டுல காய்ச்சுறீங்களா?"

"காய்ச்சல சார். ஊற வச்சேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

படித்தவனுக்கு இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளத் தெரியாது. "காய்ச்சுறதுன்னா ஆவியாக்கி எறக்கணும் சார். இது இயற்கையா நொதிக்கிறது. ஈஸ்ட் வந்து சர்க்கரையை..." என்று நான் வகுப்பெடுக்க ஆரம்பித்தேன். டாக்டர் குறுக்கே வந்தார்.

"சார், மாட்டுத் தீவனம் ஊற வச்சது வெயிலுக்குப் புளிச்சுப்போச்சு. தெரியாம வச்சிட்டாங்க. நான் அப்படித்தான் எழுதிக்கிறேன்." பிறகு என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, "பேசாம இருங்க" என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எதற்கும் லாயக்கில்லாத ஆள் என்று முடிவு செய்தது தெரிந்தது. அன்றைக்கு அந்த முடிவு எனக்குப் பெரிய வரம். நோட்டை மூடினார். "பூன்னா தலையில வைங்க, இல்ல சாமிக்குப் போடுங்க. இனிமே கேன்ல போட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்..." என்று பாதியில் நிறுத்திவிட்டுப் போனார்.

மாமா அப்போதும் என்னைத் திட்டவில்லை. வெகுநேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாப்ள, அப்ப அது மழை மிஷின் இல்லையா?"

டாக்டர் சொன்னபடி ராசுவுக்கு நிறையத் தண்ணீர் காட்டி, நிழலில் வைத்திருந்து, எட்டுப் பேர் சேர்ந்து கிளப்பி வண்டியில் ஏற்றினோம். ஊர் போகிறவரை மாமா பின்னால் ராசுவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அது அவர் மடியில் தலையை வைத்துக் குறட்டை விட்டது. மாடு குறட்டை விடும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, கறம்பக்குடிக்குக் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டு வாசலில் அத்தை அழுதுகொண்டு நின்றார். "நீ என்ன புள்ள பண்ணுவ, படிச்சவுக செய்யிறது நமக்கு எங்கிட்டுப் புரியுது" என்று மாமா அவரைத் தேற்றினார். பிறகு என்னிடம் திரும்பி, "எங்க இருக்கு?" என்றார். அலமாரியிலிருந்து பாட்டில்களை எடுத்துவந்தேன். தென்னை மரத்தடியில் ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்றினார். ஒரு பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய், ஒயினைக் கொட்டுகிற ஆளுக்குத் தேவையானதைவிடச் சற்று அதிக நேரம் வைத்திருந்தார். "வாசமெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று தனக்குள் சொல்லிவிட்டு அதையும் கவிழ்த்தார். பொன்னிறமாக மண்ணில் இறங்கியது. நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருந்தேன். ஒரு சொட்டும் நாக்கில் படவில்லை. அந்த ஒயின் எப்படி இருந்தது என்று தெரிந்த ஒரே ஜீவன் ராசுதான். அது சொல்லவும் மாட்டேன் என்கிறது.

சாயங்காலம் ராசு எழுந்து நின்றது. உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு முற்றத்தைச் சுற்றிப் பார்த்தது. நான் பாதுகாப்பாகப் படப்பு ஓரமாக நின்றிருந்தேன். அது நேரே என்னிடம் வந்தது. நான் படப்பில் கை வைப்பதற்குள், என் சட்டைப் பைக்குள் மூக்கை நுழைத்துத் துழாவியது. பிறகு தலையை நிமிர்த்தி, எங்கே என்று கேட்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தது.

மாமா வாசற்படியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "இன்னும் கேக்குறான் பாருங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். அத்தை சிரித்தார். ஸ்டெல்லா சிரித்து முடிக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆறிப்போன பிரியாணியை அன்று இருட்டுகிற நேரத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் சாப்பிட்டதிலேயே நல்ல பிரியாணி அதுதான்.

அடுத்த வருஷமும் அதே ஜல்லிக்கட்டுக்குப் போனோம். அதே டாக்டர். ராசுவின் வாயை மோந்து பார்த்துவிட்டு, "நல்லது" என்றார். அடுத்து என்னிடம் வந்து, "நீங்களும் ஊதுங்க" என்றார். வரிசையே பார்த்துக்கொண்டிருக்க நான் ஊதினேன். ராசு அன்று ஒருவரையும் கிட்டே விடவில்லை. மைக் பிடித்தவர், "மாடு இன்னைக்கு நிதானத்துல இருக்குப்பா, தள்ளி நில்லு" என்று அறிவித்தார். இப்போதெல்லாம் சுற்றுவட்டாரத்தில் எந்த வாடிவாசலிலும் அதை அருளானந்து மாடு என்று கூப்பிடுவதில்லை. 'ஒயின் மாப்ள மாடு' என்றுதான் அவிழ்த்து விடுகிறார்கள்.

போன மாதம் எங்கள் மகளுக்கு ஞானஸ்நானம். வீட்டில் விருந்து. இரண்டு பக்கத்துச் சொந்தமும் கூடியிருந்தது. வெயில் நேரம் ஆயிற்றே என்று நானே நன்னாரி வேர் வாங்கி ஊறவைத்துக் காய்ச்சி, எலுமிச்சை பிழிந்து, பெரிய பாத்திரம் நிறைய சர்பத் கலக்கினேன். டம்ளர்களில் ஊற்றித் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். ஒருவரும் கை நீட்டவில்லை. என் அப்பாகூட எடுக்கவில்லை. எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

மாமா எழுந்தார். தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, கொல்லைக் கொட்டகைப் பக்கம் போனார். ஐம்பது பேர் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து வெறும் டம்ளரோடு திரும்பி வந்தார்.

"குடிச்சிட்டு நேராத்தான் நிக்கிறான்," என்றார். "எல்லாரும் எடுத்துக்கங்க."